கிட்டங்கித் தண்ணீரை அளக்கும் பெட்டி

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு தாண்டி மேற்கே போனால் வீடுகள் முடிந்து வயல்வெளி திறக்கும். அந்த வெளியின் நடுவே கிட்டங்கித் தாம்போதி. அதைக் கடந்தால்தான் சவளக்கடை, அண்ணாமலை, நாவிதன்வெளி, அதற்கப்பால் மத்திய முகாம். கோடையில் இந்த வழியால் போகிறவருக்கு இது ஒரு வெள்ளப் பாதை என்ற நினைப்பே வராது. மாரியில் மேற்கிலிருந்து இறங்கும் வெள்ளமும் வயல் வடிச்சலும் சேர்ந்து தாம்போதியை மூடிவிட்டால், இரண்டு கரையிலும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் போனில் கேட்பது ஒன்றைத்தான்: "கிட்டங்கியில தண்ணி எவ்வளவு?"

அந்தக் கேள்விக்குத் தானாகவே பதில் அனுப்பும் பெட்டியொன்றை, சவளக்கடையில் போன் திருத்தும் தம்பி ஒருவர் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மழை தொடங்கினால் பெட்டியைப் பார்க்கலாம், ஆற்றங்கரையில் நின்று பேச முடியாது. ஆகவே ஒக்டோபர் கடைசியிலேயே போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் மின்னணுச் சாமான்களில் கைவைக்கிற இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே போகாதவர்களுக்கு யூடியூப் இருக்கிறது. ஆனால் கண்காட்சிகளில் வைக்கப்படுவது பெரும்பாலும் கைதட்டினால் எரியும் லைட்டும், போனைத் தட்டினால் சுற்றும் காற்றாடியும்தான். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வீட்டில் அதனால் என்ன பயன் என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். இந்தப் பெட்டி அந்த ரகமில்லை என்பதால்தான் போனேன்.

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலுமாரியில் கவர்களும் சார்ஜர்களும். ரீலோட் போட வருகிறவர்கள் அங்கேயே நின்று திரும்பிவிடுவார்கள். உள்ளே பச்சை விரிப்புப் போட்ட மேசை, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஈயம் பிடிக்கிற அயன், மல்டிமீற்றர், கழற்றிய போன்களின் ஆணிகளைப் பிரித்துப் போட்ட மூடிகள். "வாங்க காக்கா, பிளேன்டீயக் குடிச்சிட்டுக் கழட்டிப் பாப்பம்" என்றார் தம்பி. தேநீர் ஆறுமுன்னே நான்கு ஆணிகளையும் கழற்றிவிட்டார்.

வெளிச்சுவரில் வயர் இணைப்புகளை மூடப் பூட்டுவார்களே, அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிதான். உள்ளே இஎஸ்பி32 பலகை ஒன்று. ஷங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட சில்லு அது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கிய ஆர்டுவீனோவின் நிரல்முறையை இதிலும் பயன்படுத்தலாம் என்பதால், ஆர்டுவீனோவில் பழகிய கைக்கு இது புதிதாக இராது. பக்கத்தில் சிம் போடுகிற சிறு பலகை, பழைய லெப்டொப் பற்றரியை உடைத்தெடுத்த 18650 செல் ஒன்று, சோலரிலிருந்து அதை ஏற்றும் தட்டு. பெட்டியின் அடியில் கறுப்பு வட்டமொன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. கார் பின்னுக்கு எடுக்கும்போது கத்துவதற்காகப் பம்பரில் பதித்திருக்கிற உணரிகளின் இனம்தான் அது. முன்பு பூட்டியிருந்தது இரண்டு கண் வைத்த மலிவான எச்சி-எஸ்ஆர்04. ஈரம் பட்டதும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

பலகையின் மேல் ஏதோ பளபளத்தது. என்னவென்று கேட்டேன்.

"கியூட்டெக்ஸ் காக்கா. நிறமில்லாதது. ராத்தாட மேசையிலிருந்து எடுத்த."

உப்புக் காற்றில் செம்புத் தடங்கள் பச்சை பிடிக்காதிருக்க நகப்பூச்சு நல்ல காவல். இணைப்பு ஊசிகளிலும் அன்டெனா முனையிலும் மட்டும் படாமல் பூச வேண்டும். பெட்டியின் விளிம்பை அடைக்கும் சிலிக்கனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாட்வெயாரில் கிடைக்கும் சிலிக்கனில் ஒரு வகை காயும்போது வினாகிரி வாடை வீசும். அந்த வாடை அசற்றிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அது செம்பை அரிக்கும். வாடை வராத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடைத்தபின் இரண்டு மூன்று நாள் பெட்டியைத் திறந்தபடி காயவிட்டு, அதன்பிறகு பலகையை உள்ளே வைக்கலாம். வயர் போகும் துளையையும் விடக்கூடாது. அதற்குள்ளால் முதலில் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும்.

சிம் பலகைக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு கப்பாசிற்றர் நின்றது. 1000 மைக்ரோஃபரட். செய்தி அனுப்பும் கணத்தில் இந்த வகைப் பலகை 2 அம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரும் களைத்த செல்லும் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் இறங்கும், எல்லாமே ரீசெட் ஆகும். மேசையில் யூஎஸ்பியில் ஓடும்போது ஒழுங்காக இருக்கும். பற்றரியில் போட்டால் சரியாகச் செய்தி போக வேண்டிய நேரத்தில் சாகும். நிரலில் பிழை தேடி நாட்களைத் தொலைக்கிறவர்களுக்கு இந்த ஒரு கப்பாசிற்றர் போதும். ஒன்று மட்டும் நான் சொன்னேன்: தம்பியின் பலகை 2ஜி. பல நாடுகள் 2ஜியை மூடிவிட்டன, மூடிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வாங்குகிறவர் 4ஜி பலகையாகவே வாங்குவது நல்லது. "இது கிடந்த சாமான் காக்கா" என்றார். அதுவும் நியாயம்தான்.

மின்சாரக் கணக்கு இன்னும் கறாரானது. இஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஅம்பியர் அளவில்தான் குடிக்கும் என்று தரவுத்தாள் சொல்லும். பலகையாக வாங்கும்போது அதிலுள்ள சிவப்பு லைட்டும் வோல்ட் சீராக்கியும் யூஎஸ்பி சில்லும் உறங்காமல் மில்லிஅம்பியர் கணக்கில் குடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து 10 மில்லிஅம்பியர் என்றாலும் 2200 மில்லிஅம்பியர்-மணி செல் ஒன்பது நாளில் காலி. பழைய லெப்டொப் செல் பாதி தந்தாலே பெரிது. சோலர் இருக்கிறதே என்றால், பெட்டி தேவைப்படுகிற மாரியில் வெயில் எங்கே? தம்பி சிவப்பு லைட்டைச் சுடுகாற்றால் பிடுங்கியிருந்தார். சீராக்கியையும் குறைவாகக் குடிக்கிற ஒன்றாக மாற்றியிருந்தார். போன் திருத்துகிற கைக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

பெட்டி அளக்கிற முறை எளிது. காதுக்குக் கேட்காத 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எத்தனை மைக்ரோசெக்கன் என்று எண்ணும். மாதிரி நிரல்களில் பெரும்பாலும் அந்த எண்ணை 58ஆல் வகு, சென்ரிமீற்றர் கிடைக்கும் என்றிருக்கும். 58 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. 20 பாகை செல்சியஸ் காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். அந்த வேகத்தில் ஒரு சென்ரிமீற்றர் போய்த் திரும்ப 58 மைக்ரோசெக்கன் சொச்சம் எடுக்கும். சவளக்கடையில் 20 பாகையை யார் கண்டார்? மார்கழி விடியலில்கூட அது அபூர்வம்.

ஒவ்வொரு பாகைக்கும் ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். மத்தியானம் 32 பாகையில் அது 350ஐத் தாண்டும். மூன்று மீற்றர் கீழே இருக்கிற தண்ணீரை 58ஆல் வகுத்துப் பார்த்தால் ஐந்து சென்ரிமீற்றரளவு கிட்டத்தில் இருப்பதாகக் காட்டும். பகலில் ஆறு ஏறும், இரவில் இறங்கும். உண்மையில் ஆறு அசைந்திருக்காது.

"கடல் வத்துப்பெருக்கெண்டுதான் நினைச்ச நான். கல்லாறு முகத்துவாரம் வெட்டின நேரமும் அதோட சேந்து வந்திச்சி. மண்டை காஞ்சி போச்சி" என்று சிரித்தார்.

மருந்தாக வெப்பநிலை உணரி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கணக்கைத் திருத்தினார். அது இன்னும் மோசமாயிற்று. வெயிலில் நிற்கும் பெட்டியின் உள்ளே 45 பாகை, வெளிக்காற்றில் 32. நிரல் 45ஐ நம்பி ஒலி அதிவேகமாகப் போகிறதென்று கணக்கிட, தண்ணீர் ஏழு சென்ரிமீற்றர் தாழ்ந்துவிட்டதாக விடை வந்தது. முதல் பிழை வீணாகப் பயங்காட்டும். இந்தப் பிழை தைரியம் கொடுக்கும். ஆற்றங்கரையில் அதுதான் ஆபத்து. இப்போது அந்த உணரி பெட்டிக்கு வெளியே, துளையிட்ட வெள்ளைப் பிவிசி குழாய்த் துண்டின் நிழலில் தொங்குகிறது.

ஏழு சென்ரிமீற்றருக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் உயரமிருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும், 30 சென்ரிமீற்றர் சிறிய காரைத் தள்ளிக்கொண்டு போகும், 60 பெரும்பாலான வாகனங்களை அள்ளும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. 15இல் ஏழு பிழைத்தால் ஏறத்தாழப் பாதி போய்விட்டது.

மோட்டார் சைக்கிளில் கிட்டங்கிக்குப் போனோம். வெயில் உச்சியில் இருந்தது. தண்ணீர் வீதிக்கு இரண்டு மீற்றரளவு கீழே, ஆற்றுவாழைக்கு நடுவே அசைவின்றிக் கிடந்தது. கொக்குகள், கரையில் எருமைகள், தூண்டில் போடுகிற இரண்டு பொடியன்கள். வீதி அதிகார சபையின் தூணில் அனுமதியில்லாமல் எதையும் கட்டக்கூடாது. ஆகவே தெரிந்த ஒருவரின் வயல் ஓரத்தில், தண்ணீருக்குள் இறக்கி நட்ட இரும்புக் குழாயில் பெட்டிக்கு இடம் போட்டிருந்தார். உணரியின் முகம் வீதி மட்டத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் வரும். ஏன் இவ்வளவு உயரம்? இந்த வகை உணரிகளுக்கு முகத்துக்கு நேரே 20, 25 சென்ரிமீற்றர் குருட்டுப் பகுதி. ஒலியை அனுப்பிய அதிர்வு அடங்குமுன் திரும்பி வருவதை அதனால் கேட்க முடியாது. தண்ணீர் அந்தப் பகுதிக்குள் ஏறிவிட்டால் வாயில் வந்த எண்ணைச் சொல்லும். தாழப் பூட்டினால், வெள்ளம் உச்சத்தில் இருக்கிற நேரம் பார்த்துப் பெட்டி பொய் சொல்லத் தொடங்கும்.

இனி, நான் மிகவும் ரசித்த வேலை. உணரிக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை வைத்துக்கொண்டு ஊர் மக்கள் என்ன செய்வது? அவர்களுக்கு வேண்டியது வீதிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்பது. அதற்கு, தாம்போதியின் மிகத் தாழ்ந்த இடத்தின் மட்டத்தைப் பதினைந்து மீற்றர் தள்ளி நிற்கும் குழாய்க்குக் கொண்டுவர வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகக் கோடு போட்டால் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் தவறும். போனிலுள்ள மட்டம் பார்க்கும் செயலி இவ்வளவு தூரத்துக்கு உதவாது. ஒரு பாகை சரிந்தாலே பதினைந்து மீற்றரில் 26 சென்ரிமீற்றர் போய்விடும்.

தம்பி பையிலிருந்து எடுத்தது மேசன்மார் வைத்திருக்கிற கண்ணாடி ரியூப். அத்திவாரம் கட்டும்போது நாலு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அவர்கள் பிடிப்பது. வாளியில் தண்ணீரெடுத்து அதில் கொஞ்சம் சிவப்புச் சர்பத் கலந்து, ஒரு முனையை வாளிக்குள் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சி நிரப்பினார். பிறகு முழு நீளத்தையும் கையால் தடவித் தடவிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் மட்டம் பொய்த்துவிடும். ஒரு முனையைத் தாம்போதியில் நிறுத்திய அளவுகோலோடு நான் பிடித்தேன். மறுமுனையைக் குழாயோடு அவர் பிடித்தார். இரண்டு பக்கமும் சிவப்பு ஆடி, ஆடி, அடங்கியது. "பொறுங்க காக்கா, அசையாதீங்க" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குறித்தார். இடம் மாறி நின்று மறுபடியும் பிடித்தோம். இரண்டு குறிகளுக்கும் இடையில் அரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. அந்தக் கோடு பூச்சியம். அதற்கு மேலே பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெள்ளையும் சிவப்புமாக எனாமல் பெயின்ற் பூசுவதாகத் திட்டம். பெட்டி செத்தாலும் அந்தக் கோடுகள் நிற்கும், ரோர்ச் அடித்துப் பார்க்கலாம். இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது அந்தப் பெயின்ற் தகரம்தான் என்று சொன்னால் தம்பி கோபிக்கமாட்டார்.

ஆற்றுவாழை பெரிய தொல்லை. அதன் இலைகள் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நிற்கும். ஒலி இலையில் பட்டுத் திரும்பினால் தண்ணீர் ஒரு முழம் ஏறிவிட்டதாகக் காட்டும். மிதந்து போகிற கொத்துக்கு நிரலில் வழி உண்டு. அடுத்தடுத்து ஐந்து தடவை அளந்தால் 301, 300, 302, 255, 301 என்று வருகிறதென்று வையுங்கள். சராசரி எடுத்தால் 292க்கு இறங்கிவிடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, பள்ளிக்கூடத்தில் படித்த இடையத்தை, எடுத்தால் 301. ஒற்றைப் பொய்யை இடையம் கண்டுகொள்ளாது. கொத்து நகராமல் உணரிக்குக் கீழேயே தங்கிவிட்டால் ஐந்தும் பொய், இடையமும் பொய். "அதுக்கு மருந்தில்ல காக்கா. ஆள் வந்து இழுத்துப் போடத்தான் வேணும்" என்றார்.

ரியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலூன்றி நின்றார். இந்தக் கண்டத்து வட்டவிதானையாக இருந்தவராம். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டே வயது போனவர். தம்பி முழுவதையும் விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மனே. பெட்டி பழுதாப் போனா என்ன சொல்லும்?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தார். "அதத்தான் ஐயா மாத்தி எழுதிட்டிரிக்கன்."

கடைக்குத் திரும்பி லெப்டொப்பைத் திறந்ததும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினோம். எதிரொலி திரும்பாவிட்டால், ஆர்டுவீனோவில் துடிப்பை அளக்கும் கட்டளை ஒரு செக்கன் காத்திருந்துவிட்டுப் பூச்சியத்தைத் திருப்பித் தரும். அந்தப் பூச்சியத்தின் பொருள் "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்பது. நிரல் அதைத் தூரமாக எடுத்துக்கொண்டால் தண்ணீர் உணரியை முட்டிவிட்டது என்று ஊரெல்லாம் செய்தி பறக்கும். இப்படி இரண்டு தடவை பறந்தால் மூன்றாம் தடவை யாரும் செய்தியைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள். இதைத் தவிர்க்க எத்தனையோ மாதிரி நிரல்களில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: பூச்சியம் வந்தால் விட்டுவிடு, முன்பு அளந்த எண்ணையே வைத்துக்கொள். தம்பியின் பழைய நிரலிலும் அந்த வரி இருந்தது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு அது பரவாயில்லை. இங்கே அந்த ஒரு வரி ஆளைக் கொல்லும். மாலை நான்கு மணிக்கு வயர் அறுந்தால், இரவு பத்து மணிக்கும் நான்கு மணித் தண்ணீரையே சொல்லிக்கொண்டிருக்கும். எண்ணைப் பார்ப்பவருக்கு அது பழையதென்று தெரிய வழியே இல்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளித் தாம்போதியில் மதரசா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கே கருவி ஏதும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் கடக்கலாமா வேண்டாமா என்று கரையில் நின்று முடிவெடுக்கிற ஒருவரின் கைக்கு நாம் ஓர் எண்ணைக் கொடுக்கப் போகிறோம் என்றால், அந்த எண்ணின் கனம் தெரிந்து கொடுக்க வேண்டும்.

புதிய நிரலில் மூன்று நிலை. ஐந்து அளவுகளும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் எண். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் "சரியாகத் தெரியவில்லை". எதிரொலியே இல்லையென்றால் "பெட்டி பழுது". எந்தச் செய்தியானாலும் அளந்த நேரம் கூடவே போக வேண்டும். பெட்டியே முழுதாக அணைந்துவிட்டால் செய்தியும் வராது. ஆகவே தண்ணீர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி. அது வராவிட்டால் பெட்டி இல்லையென்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வேளைக்கு இடையில் எவ்வளவும் ஏறிவிடும், மாரியில் மணிக்கொரு செய்தி போகட்டும் என்றேன். பற்றரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

செய்தி தமிழில் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "உம்மாக்கு இங்கிலீஷ்ல அனுப்பி என்ன செய்யிற?" தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து இல்லை, 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்தில்லை. "கிட்டங்கி" நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு க, இகரக் குறி, ட, புள்ளி, ட, ங, புள்ளி, க, மறுபடி இகரக் குறி என்று ஒன்பது. தம்பி முதலில் எழுதியிருந்தது: "கிட்டங்கி தாம்போதி: தண்ணீர் மட்டம் 42 செ.மீ. உயர்கிறது. அளந்த நேரம் மாலை 4.10". மொத்தம் 77. எழுபதைத் தாண்டியதால் இரண்டு செய்தியாக உடையும், காசும் இரட்டிப்பு. அவரது சிம் பலகையின் நிரலோ நீளச் செய்தியைச் சேர்த்து அனுப்பத் தெரியாமல் எழுபதோடு வெட்டிவிட்டது. வெட்டுப்பட்டுப் போனது கடைசியில் இருந்த நேரம். இருப்பதிலேயே முக்கியமான தகவல்.

உட்கார்ந்து சுருக்கினோம்: "கிட்டங்கி 42 செ.மீ. ஏறுது. 4.10க்கு அளந்தது". 43தான். பேச்சுத் தமிழ் இங்கே காசை மிச்சம் பிடிக்கிறது. தமிழில் செய்தியனுப்பும் நிரல் எழுதுகிறவர்கள் நீளத்தைத் தாளில் எண்ணாமல் பைதனில் நீளம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அடிப்படைத் தமிழ்க் குறிகள் எல்லாம் ஒவ்வொன்றாகவே கணக்கில் வரும். வெட்டத்தான் வேண்டுமென்றால் சொல்லின் முடிவில் வெட்ட வேண்டும். புள்ளிக்கு முன்னால் வெட்டினால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

இந்தக் கரையில் நிரலுக்கும் தண்ணீருக்கும் முன்பே தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையிலேயே அதிக உயிரிழந்தது அம்பாறை மாவட்டம்தான். அடுத்த சில வாரங்களுக்குள் இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதியதே சஹானா. காணாமற்போனோர், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றைப் பதிந்து தேடும் திறந்த மூல மென்பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. தம்பிக்கு இந்தக் கதை தெரியாது. "இது நம்மட நாட்டில செய்ததா?" என்று இரண்டு தரம் கேட்டார். எங்கள் பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

கிளம்பும் முன் நிரலை ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தேன். பெட்டி உறங்காமல் விழித்திருக்கும் வெள்ளக்கால முறையில் ஒரு வரி கண்ணில் பட்டது. இயங்கத் தொடங்கிய நேரத்தை மில்லிசெக்கனில் எண்ணும் எண்ணி 32 பிற்று. 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். "இப்போதைய எண்ணிக்கை, கடைசி அளவு நேரத்தோடு இடைவெளியைக் கூட்டியதைத் தாண்டிவிட்டதா" என்று கேட்டால், எண்ணி நிரம்பும் வேளையில் இடைவெளி பார்க்காமல் அளந்து தள்ளும், அல்லது அளக்காமலே நின்றுவிடும். "இப்போதையதிலிருந்து கடைசியைக் கழித்தால் இடைவெளிக்கு மேல் வருகிறதா" என்று கேட்டால் எண்ணி எத்தனை தரம் சுற்றினாலும் விடை சரி. மேசையில் ஒரு கிழமை ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு இந்தப் பிழை தட்டுப்படவே மாட்டாது. நவம்பர் 1ஆம் திகதி நள்ளிரவு பெட்டியை இயக்கினால் எண்ணி நிரம்புவது டிசம்பர் 20ஆம் திகதி மாலை ஐந்து மணியளவில். நடு மாரி, பொழுது படுகிற நேரம். தம்பி ஒன்றும் பேசாமல் கூட்டலை அழித்துக் கழித்தலை எழுதினார்.

பெட்டி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. இந்த மாரி முழுவதும் அதன் எண்ணையும் பெயின்ற் கோட்டையும் ஆள் நின்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகே ஊருக்குச் செய்தி அனுப்புவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். இதை வாசித்துவிட்டு உங்கள் ஊர்த் தாம்போதிக்கும் ஒன்று செய்ய நினைப்பவர்கள் சாமான் வாங்கமுன் ரியூபும் பெயின்றும் எடுத்துக்கொண்டு போய்ப் பூச்சியக் கோட்டைப் போடுங்கள். நிரலில் "தெரியவில்லை" என்ற பதிலை முதலில் எழுதுங்கள், எண்ணைப் பிறகு எழுதலாம். கிட்டங்கியால் போய்வருகிறவர்களுக்கு: எந்தப் பெட்டி எந்த எண்ணைச் சொன்னாலும், வீதி தண்ணீருக்குள் மறைந்திருந்தால் இறங்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.